ஒப்புக்குச் சப்பாணி: ஆன்லைன் விளையாட்டில் பிள்ளைக்கு முதல் வேஷம் எது?



போன பதிவில் செம்பரம்பாக்கம் ஏரியைப் பற்றி எழுதியிருந்தேன். இந்தத் தடவை விஷயம் வேறு. செல்போன், கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் ஒரு பிள்ளை முதன்முதலாக நுழையும்போது எந்த வேஷத்தை எடுத்துக்கொள்வது நல்லது, அந்த வேஷங்கள் எல்லாம் எங்கிருந்து வந்தன என்பதுதான் இன்றைய பாடம். வரலாற்று வாத்தியாருக்கு இதில் என்ன வேலை என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். பானைக்கும் செங்கலுக்கும் வரலாறு இருக்கும்போது இதற்கு மட்டும் இல்லாமல் போகுமா? ஐம்பது வருட வரலாறு இருக்கிறது.

கேட்டது என் பழைய மாணவி ஒருத்தி. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு செல்போன் கம்பெனியில் வேலை. வீட்டுக்காரர் ஒரகடத்தில் வண்டி உதிரிபாகம் செய்யும் இடத்தில். இரண்டு பேருக்கும் ஷிப்ட் ஒன்றாக வராது. பையன் நாலாம் வகுப்பு. பாட்டி வீட்டில் இருந்தாலும் சாயங்காலம் அவனுக்குத் துணை அம்மாவின் பழைய போன்தான். ஏதோ ஒரு ஆன்லைன் சண்டை விளையாட்டில் சேர்ந்திருக்கிறான். சேரும்போது பத்துப் பன்னிரண்டு உருவங்களைக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கிறது. வெள்ளை உடுப்பும் பச்சை ஒளியுமாக ஒன்று அழகாக இருந்ததாம், அதைத் தொட்டுவிட்டான். அது வைத்தியர் வேஷம். கூட ஆடுகிறவர்களுக்கு அடிபட்டால் ஓடிப்போய்க் குணப்படுத்த வேண்டும். அது பையனுக்குத் தெரியாது. கூட இருந்த நாலு பேரும் முகம் தெரியாதவர்கள், குரலை வைத்துப் பார்த்தால் வளர்ந்த ஆட்கள். ஆட்டம் தோற்றதும் இந்தியிலும் இங்கிலீஷிலும் அவனைக் கண்டபடி திட்டியிருக்கிறார்கள். பையன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "எனக்கு எதுவுமே வராதும்மா" என்று மட்டும் சொல்லியிருக்கிறான்.

"விளையாடாதேன்னு சொன்னா நான் வேலைக்குப் போனதும் ஆடுவான் சார். எந்த கேரக்டர் எடுத்தா திட்டு வாங்காம இருப்பான், அதையாவது விசாரிச்சுச் சொல்லுங்க" என்றாள். அன்றிலிருந்து ஒரு மாதமாக இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் மாணவர்கள் இரண்டு பேர் ராத்திரி பத்து மணிக்கு மேல் எனக்கு வாத்தியாராக இருந்தார்கள். அவர்களுக்கு நன்றி.

விளையாட்டே தெரியாத அத்தை, சித்தப்பாமார்களுக்காக ஒரு விளக்கம். இந்த விளையாட்டுகளில் வேஷத்துக்கு 'கிளாஸ்' என்று பெயர். (கிளாஸ் என்றதும் எனக்கு ஏழாம் வகுப்பு பி பிரிவுதான் கண் முன்னால் வருகிறது. அந்த செட்டில் இருந்தவர்களுக்குக் காரணம் தெரியும்.) வாள்வீரன், வில்லாளி, மந்திரவாதி, வைத்தியர், திருடன் என்று பல உண்டு. எடுக்கும் கிளாஸைப் பொறுத்து எவ்வளவு அடி தாங்கலாம், என்ன ஆயுதம், கூட இருப்பவர்களுக்கு என்ன கடமை எல்லாம் மாறும். நாடகத்தில் வேஷம் கட்டுவது மாதிரிதான். பீமன் வேஷக்காரன் தூது போய்ப் பேசிக்கொண்டிருக்க முடியாது.

இது வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். விளையாடத் தெரியாத பிள்ளையை ஆட்டத்தில் எப்படிச் சேர்ப்பது என்ற கேள்விக்கு நம் ஊர் விளையாட்டுகளே மூன்று பதில் வைத்திருந்தன.

முதல் பதில் பரமபதம். ராமானுஜர் பிறந்த ஊர்க்காரர்களுக்கு வைகுண்ட ஏகாதசி ராத்திரியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கண் விழிக்கத் தாத்தா, பாட்டி, பேரன் எல்லோரும் ஒரே படத்தைச் சுற்றி உட்காருவார்கள். அதில் வேஷமும் கிடையாது, திறமையும் கிடையாது. தாயக்கட்டை சொல்வதுதான் சட்டம். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் எண்பது வயதுப் பாட்டிக்கும் அதே பாம்பு, அதே ஏணி. தெரியாதவனுக்குச் சலுகை தேவைப்படவில்லை, ஏனென்றால் தெரிந்துகொள்ள அதில் ஒன்றும் இல்லை.

இரண்டாவது ஆடு புலி ஆட்டம். பழைய கோயில் மண்டபங்களின் தரையில் முக்கோணமாகக் கோடு கிழித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இருபத்து மூன்று புள்ளி, மூன்று புலி, பதினைந்து ஆடு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை. புலி ஆட்டைத் தாண்டி வெட்டலாம். ஆடு வெட்ட முடியாது. புலியை நகரவிடாமல் அடைக்கத்தான் முடியும். கிளாஸ் என்கிறார்களே, அதன் எலும்புக்கூடு இதுதான்: ஒரே பலகை, இரண்டு வகை உயிர்கள், இரண்டு வகை வெற்றி. இதில் புதுப் பிள்ளைக்கு எது சுலபம்? புலிதான் என்பது என் முடிவு. புலி தப்பாக நகர்ந்தால் ஒரு வாய்ப்பு போகும், அவ்வளவுதான், புலி சாகாது. ஆட்டுக்காரர் ஒரு புள்ளி தவறினால் ஒரு ஆடு போச்சு. அதுவும் பதினைந்தையும் வைத்து முடிக்கும்வரை வைத்த ஆட்டை நகர்த்தவே முடியாது. அந்தப் பொறுமை சின்னப் பிள்ளைக்கு வராது.

மூன்றாவது பதில்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒப்புக்குச் சப்பாணி. சில ஊர்களில் உப்புக்குச் சப்பாணி என்பார்கள். கண்ணாமூச்சி, ஓடிப்பிடித்து, நொண்டி எதுவானாலும் ஒரு அக்கா தன் குட்டித் தம்பியையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். அவனை விட்டுவிட்டு ஆட முடியாது. சேர்த்தால் முதல் நிமிஷமே அவுட். அதனால் எல்லோரும் கூடிப் பேசி முடிவு செய்வார்கள்: "இவன் ஒப்புக்குச் சப்பாணி." அவனும் ஓடலாம், ஒளியலாம், கத்தலாம். அவனைத் தொட்டால் அவுட் கிடையாது. (1977-இல் வந்த 16 வயதினிலே படத்துக்கு அப்புறம் சப்பாணி என்றால் எல்லோருக்கும் கமல்ஹாசன்தான். அதற்கு வெகு முன்னாலிருந்தே வழங்கும் சொல் இது. கால் நடக்க முடியாதவர்களைக் குறிக்கும் சொல் என்பதால் இன்று யோசித்துத்தான் பயன்படுத்த வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

இந்த ஏற்பாட்டில் இரண்டு புத்திசாலித்தனம் இருக்கிறது. பிள்ளை தப்புச் செய்தால் அவனுக்கு நஷ்டமில்லை என்பது ஒன்று. எல்லோரும் கவனிப்பது இதைத்தான். அவன் தப்பினால் அவனுடைய கட்சிக்கும் நஷ்டமில்லை என்பது இன்னொன்று. அதனால்தான் யாரும் அவனைத் திட்டுவதில்லை. இரண்டாவதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். மாணவியின் பையன் அழுததற்குக் காரணம் அதில் இருக்கிறது.

இனி அமெரிக்காவுக்குப் போவோம். 1974-ஆம் வருடம் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு பேர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். முதல் அச்சு ஆயிரம் பிரதிதான். கம்ப்யூட்டர் கிடையாது. மேஜை, காகிதம், பென்சில், பகடை. ஒருவர் கதை சொல்லி நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம். முதல் பதிப்பில் இருந்தவை மூன்றே கிளாஸ்: சண்டைக்காரர், மந்திரவாதி, பூசாரி. இன்று உங்கள் பிள்ளையின் போனில் இருக்கும் வேஷங்களில் பெரும்பாலானவை இந்த மூன்றின் வாரிசுகள்.

பூசாரி வேஷம் பிறந்த கதை வேடிக்கையானது. ஆர்னெசன் நடத்திய ஆட்டத்தில் ஒருவர் ரத்தக்காட்டேரியாக மாறி யாருக்கும் அடங்காமல் போய்விட்டார். அவரை அடக்குவதற்காகவே கடவுள் பேரைச் சொல்லிப் பேயை விரட்டும் ஒரு வேஷத்தை உண்டாக்கினார்கள். காயம் ஆற்றும் வேலையும் அதோடு சேர்ந்தது. இன்றைய வைத்தியர் வேஷங்களுக்கெல்லாம் மூதாதை அந்தப் பூசாரிதான்.

அந்த மூன்றில் புதியவருக்கு எது? சண்டைக்காரர். கவசம் போடலாம், எந்த வாளையும் எடுக்கலாம், தன் முறை வந்தால் வெட்டுவதைத் தவிரப் பெரிதாக யோசிக்க வேண்டியதில்லை. மந்திரவாதி நேர்மாறு. முதல் லெவலில் ஒரு நாளைக்கு ஒரே ஒரு மந்திரம். அது தீர்ந்துவிட்டால் கவசம் இல்லாத ஒரு மனிதர், அவ்வளவுதான். ஐந்தாம் லெவலுக்கு வந்தால் நெருப்புப் பந்து எறிந்து ஒரு கூட்டத்தையே சாய்க்கலாம், ஆனால் அதுவரை உயிரோடு இருக்க வேண்டுமே. பின்னால் பெரிய லாபம், முன்னால் பட்டினி.

1983-இல் ஃபிராங்க் மென்ட்சர் என்பவர் திருத்தி எழுதிய ஆரம்பப் பதிப்பு சிவப்புப் பெட்டியில் வந்தது. அதைத் திறந்ததும் விதிகள் வராது. தனியாகப் படித்துக்கொண்டே ஆடும் ஒரு கதை வரும். அதில் "நீ ஒரு சண்டைக்காரன்" என்றுதான் ஆரம்பிக்கும். வழியில் ஒரு பெண் பூசாரி வந்து காயம் ஆற்றுவாள், விஷயங்களைச் சொல்லிக்கொடுப்பாள். பாருங்கள், கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு வாள், கற்றுக்கொடுக்கும் பெரியவருக்கு வைத்தியம். நாற்பது வருடத்துக்கு முன்னாலேயே இதைச் சரியாகப் பிடித்துவிட்டார்கள். இதற்குக் கீழே திரும்ப வருவேன்.

மேஜை ஆட்டத்தில் இன்னொரு வசதியும் இருந்தது. நடத்துகிறவர் மனிதர். புதுப் பையன் சாகப் போகிறான் என்றால் பகடையை மறைத்து உருட்டி "தப்பித்தாய்" என்று சொல்லிவிடலாம். நம் ஊர்த் தெருவில் அக்கா செய்ததும் அதுதான். இரக்கம் விதிப் புத்தகத்தில் இருக்க வேண்டியதில்லை, எதிரில் உட்கார்ந்திருக்கும் ஆளிடம் இருந்தது.

கம்ப்யூட்டருக்குப் போனதும் அந்த ஆள் காணாமல் போனார். 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா ஆரம்பித்து, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்த 'மட்' என்ற விளையாட்டுதான் பலர் ஒரே நேரத்தில் ஒரே கற்பனை உலகத்தில் ஆடும் இந்த வகைக்குப் பாட்டன். படம் கிடையாது, எழுத்து மட்டும். அதில் கிளாஸும் கிடையாது. எல்லோரும் 'நாவிஸ்', அதாவது கத்துக்குட்டி என்ற படியில் ஆரம்பித்து மேலே ஏற வேண்டும். பெயர்தான் கத்துக்குட்டி. சலுகை என்று பார்த்தால் ஒன்றும் பெரிதாக இல்லை.

1999 மார்ச்சில் அமெரிக்காவில் வந்த 'எவர்குவெஸ்ட்' நம் விஷயத்தில் முக்கியமானது. பதினான்கு கிளாஸ். செத்தால் சேர்த்த அனுபவப் புள்ளிகள் குறையும். உடைமைகள் பிணத்தோடு கிடக்கும். வெறுங்கையோடு ஓடிப்போய் எடுத்து வர வேண்டும். இதில் ஒரு விசித்திரம் தெரிய வந்தது. சண்டைக்காரர் வேஷம் கைக்குச் சுலபம். பொத்தான்கள் குறைவு, யோசனை குறைவு. ஆனால் தனியாக இருந்தால் திணறும். காயம் ஆற்ற ஒருவர் பின்னால் நின்றால்தான் அது முழு ஆள். பிணங்களை எழுப்பி ஏவிவிடும் மந்திரவாதி வேஷம் ஒன்று இருந்தது. படிக்க வேண்டியது அதிகம், ஆனால் யார் தயவும் இல்லாமல் தனியாகப் பிழைக்கலாம். ஆக, 'சுலபம்' என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு பொருள் ஒளிந்திருக்கிறது. ஆடுவதற்குச் சுலபம் ஒன்று. தனியாக வாழ்வதற்குச் சுலபம் இன்னொன்று. "எந்தக் கிளாஸ் ஈஸி" என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வருவது இதனால்தான்.

அதே வருடங்களில் நம் பக்கம் என்ன நடந்தது என்பதையும் பார்ப்போம். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் சான்ட்ரோ கார் வெளியே வந்தது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா உற்பத்தி தொடங்கியது. என் மாணவிகளில் எத்தனை பேர் பிளஸ் டூ முடித்த கையோடு அந்தக் கம்பெனி பஸ்ஸில் ஏறினீர்கள்! நோக்கியா என்றாலே பாம்பு விளையாட்டு. டானெலி அர்மான்டோ என்ற பின்லாந்துக்காரர் எழுதி, 1997-இல் நோக்கியா 6110 போனில் முதலில் வந்தது. பிறகு விலை குறைந்த மாடல்கள் பலவற்றிலும் வந்தது. அதில் வேஷம் ஒன்றே ஒன்று, பாம்பு. சுவரில் முட்டினால் செத்தது. ஒரு நொடியில் மறுபடி ஆரம்பம். திட்ட ஆளில்லை, இழக்கப் பொருளில்லை. எழுபது வயதுக் கிழவிக்கும் இரண்டே நிமிஷத்தில் பிடிபட்ட விளையாட்டு அது. 2014 நவம்பர் 1-ஆம் தேதி அந்தத் தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்தியது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

வேஷம் போடும் ஆன்லைன் விளையாட்டு நம் நாட்டுக்கு வந்தது பிரௌசிங் சென்டர் காலத்தில். 2000-களின் நடுவில் 'ரக்னராக் ஆன்லைன்' என்ற கொரிய விளையாட்டை லெவல் அப் என்ற கம்பெனி இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. லீ மியோங்-ஜின் என்பவரின் படக்கதையை வைத்து கிராவிட்டி என்ற கம்பெனி செய்தது; கொரியாவில் 2002-இல் வந்துவிட்டது. டியூஷனுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு சென்டரில் உட்கார்ந்திருந்த சிலரை எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன். இன்று ஒருவர் மேனேஜர்.

நான் படித்த வரையில், புதுப் பிள்ளையின் விஷயத்தில் இந்த ரக்னராக் அளவுக்கு யோசித்தவர்கள் குறைவு. அதில் முதல் நாளே வேஷத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. எல்லோரும் நாவிஸாகத்தான் பிறக்க வேண்டும். அந்தக் கத்துக்குட்டி செத்தாலும் அனுபவப் புள்ளி குறையாது. மற்ற வேஷக்காரர்களுக்குக் குறையும். தொட்டாலும் அவுட் இல்லை! இது ஒப்புக்குச் சப்பாணி இல்லாமல் வேறு என்ன? இன்னும் கேளுங்கள், கத்துக்குட்டிக்கென்று ஒரு வித்தை கொடுத்திருந்தார்கள்: செத்தது போலப் படுத்துக்கொள்வது. படுத்துவிட்டால் மிருகங்கள் அடிக்காமல் போய்விடும். கரடிக் கதையில் வருமே, அதே யுக்தி.

கொஞ்சம் ஆடிப் பழகி வேலை லெவல் பத்து வந்த பிறகுதான் ஆறு வேஷங்களில் ஒன்று: வாள்வீரன், மந்திரவாதி, வில்லாளி, சீடன், வியாபாரி, திருடன். அதற்குள் பிள்ளைக்குத் தன்னைத் தெரிந்திருக்கும். கிட்டே போய் அடிக்கப் பிடிக்கிறதா, தள்ளி நின்று அடிக்கப் பிடிக்கிறதா, பொருள் வாங்கி விற்கப் பிடிக்கிறதா என்று. வியாபாரி வேஷம் எடுத்தால் கடைக்காரரிடம் குறைந்த விலைக்கு வாங்கலாம், தெருவில் கடை விரிக்கலாம். சண்டைக்கே போகாமல் கடை போட்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகளும் உண்டாம். சீடன் என்பது பழைய பூசாரியின் வழி. அவன் காயம் ஆற்றும் மந்திரத்தைப் பிணப் பூதங்கள் மேல் போட்டால் அவை செத்துவிழும். 1974-க்கு முன்னால் ஒரு ரத்தக்காட்டேரியை அடக்க உண்டான வேஷம் முப்பது வருடம் கழித்துக் கொரியாவிலும் அதே வேலையைச் செய்கிறது. வரலாறு படிக்கிறவனுக்கு இந்த மாதிரி இடத்தில்தான் குஷி.

ஆறில் எதையும் எடுக்காமல் கத்துக்குட்டியாகவே வளர்ந்து 'சூப்பர் நாவிஸ்' ஆகும் வழியையும் பிறகு சேர்த்தார்கள். எட்டாம் வகுப்பைத் தாண்டாமலே ஊர்ப் பெரிய மனிதர் ஆனவர்களை நினைத்துக்கொண்டேன்.

2004 நவம்பரில் அமெரிக்காவில் வந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' இன்னொரு வழி கண்டது. ஒன்பது கிளாஸ். செத்தால் ஆவியாக நடந்துபோய் உடம்பில் சேர்ந்துகொள்ளலாம்; அனுபவம் குறையாது, ஆயுதமும் கவசமும் கொஞ்சம் தேயும். சாவின் விலையைக் குறைத்துவிட்டார்கள். புதியவர்களுக்கு அந்த விளையாட்டில் பெரும்பாலானவர்கள் கைகாட்டியது வேடன் வேஷத்தை. பத்தாம் லெவலில் ஒரு மிருகத்தைப் பழக்கிக்கொள்ளலாம். புலியோ கரடியோ முன்னால் நின்று அடி வாங்கும். பிள்ளை பின்னால் நின்று அம்பு விடும். எவர்குவெஸ்ட்டில் பிரிந்து கிடந்த இரண்டு சுலபமும் இதில் ஒன்றாகச் சேர்ந்தன. கைக்கும் சுலபம், தனியாகவும் வாழலாம். தம்பிக்கு முன்னால் நின்ற அக்காவின் இடத்தில் ஒரு கரடி வந்திருக்கிறது. கரடிக்குத் திட்டத் தெரியாது என்பது கூடுதல் வசதி.

அடுத்தது செல்போன் காலம். இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. 2017-இல் வந்த ஃப்ரீ ஃபயர் விளையாட்டை உங்கள் வீட்டில் யாராவது ஆடியிருப்பார்கள். ஆரம்பத்தில் சேர்ந்த எல்லோருக்கும் ஆதாம், ஏவாள் என்று இரண்டு உருவங்கள் இலவசமாகக் கிடைத்தன. அவற்றுக்குத் தனித் திறமை எதுவும் இருக்கவில்லை. திறமை உள்ள மற்ற உருவங்களை விளையாட்டுக்குள் சேர்க்கும் தங்கக் காசாலோ, நிஜப் பணத்துக்கு வாங்கும் வைரத்தாலோ பெற வேண்டியிருந்தது. ரக்னராக்கில் கத்துக்குட்டிக்குச் சலுகை தந்தார்கள். இங்கே கத்துக்குட்டிக்கு வெறுங்கை. தெருவில் ஒப்புக்குச் சப்பாணி ஆவதற்கு யாரும் காசு கேட்டதில்லை. "இந்த கேரக்டர் இல்லாம என்னை டீமில சேர்க்க மாட்டேங்கிறாங்க" என்று ஒரு பிள்ளை அழுதால் அதைப் பிடிவாதம் என்று தள்ளிவிடாதீர்கள். அழ வைப்பதற்கென்றே கட்டிய கடை அது.

சட்டம் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்பீர்கள். 2020 செப்டம்பர் 2-இல் பப்ஜி மொபைலையும், 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரையும் மத்திய அரசு தடை செய்தது. காரணம் நாட்டின் பாதுகாப்பும் தகவல் பாதுகாப்பும். பிள்ளைகளின் மனசு அந்தக் கணக்கில் வரவில்லை. பப்ஜியின் இந்தியப் பதிப்பு 2021 ஜூலையில் வந்துவிட்டது. தமிழ்நாடு அரசின் 2022 சட்டமும், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை உள்ளே நுழையக் கூடாது என்ற 2025 விதியும், அதே வருடம் ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டமும் பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டங்களைக் குறிவைத்தவை. சீனாவில் 2021-லிருந்து பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் ராத்திரி 8 முதல் 9 வரை மட்டும் ஆடலாம் என்று வைத்தார்கள். எந்த வேஷத்தில் ஆடலாம் என்பதை எந்த அரசாங்கமும் சொல்லாது. அது வீட்டில் முடிவாக வேண்டியது.

சரி, மாணவியின் கேள்விக்கு வருவோம். முதலில் பார்க்க வேண்டியது, பையன் தவறினால் யாருக்கு நஷ்டம் என்பது. வைத்தியர் வேஷத்தில் அவன் ஒரு நொடி தாமதித்தால் சாவது இன்னொருவர். முன்னால் நின்று எல்லோருடைய அடியையும் வாங்கும் 'டேங்க்' வேஷமும் அப்படித்தான். அவன் விழுந்தால் கூட்டமே விழும். முகம் தெரியாதவர்களோடு ஆடும்போது இந்த இரண்டும் முதல் வேஷமாக வேண்டவே வேண்டாம். தள்ளி நின்று அடிக்கும் வில்லாளி, துணைக்கு மிருகம் உள்ள வேடன், தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும் வாள்வீரன், இவற்றில் ஒன்று இருந்தால் எடுத்துக் கொடுக்கலாம். மந்திரவாதி படத்தில் அழகாக இருப்பார், ஆனால் பெரும்பாலான விளையாட்டுகளில் இன்றும் முதல் லெவல் மந்திரவாதியின் பட்டினி தீரவில்லை.

பொத்தான்களை எண்ணிப் பாருங்கள். நாலாம் வகுப்புக் கைக்கு இரண்டு மூன்று வித்தைக்கு மேல் தாங்காது. ஒவ்வொரு வேஷத்தின் கீழும் என்ன செய்யும் என்று இங்கிலீஷில் எழுதியிருக்கும். பையனுக்குப் புரியாது, படத்தைப் பார்த்துத்தான் தொடுவான். பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லுங்கள். பத்து நிமிஷ வேலை. அன்றைக்கு அதை யாராவது செய்திருந்தால் அந்த வெள்ளை உடுப்பு வைத்தியரை அவன் தொட்டிருக்க மாட்டான். இதைக் குற்றமாகச் சொல்லவில்லையம்மா. ஷிப்டு முடிந்து வரும் உடம்பு எனக்குத் தெரியும்.

பல விளையாட்டுகளில் கம்ப்யூட்டரே கூட்டாளியாக ஆடும் பயிற்சி ஆட்டம் இருக்கிறது. ஒரு மாதம் அதில் ஆடட்டும். குரல் பேச்சை செட்டிங்கில் நிறுத்திவிடலாம், என் மாணவர்கள் ஒரே நிமிஷத்தில் செய்து காட்டினார்கள். விலைக்கு வாங்கும் வேஷம் முதல் வருடம் வேண்டாம். 'ஆரம்பிப்பவர்களுக்கு ஏற்றது' என்று கடைப் பக்கத்தில் போட்டிருந்தால் அது விற்பதற்காக எழுதியது.

பையனுக்கு வைத்தியர்தான் பிடித்திருக்கிறது என்றால்? சில பிள்ளைகளின் சுபாவம் அது. வகுப்பில் அடுத்தவனுக்கு பென்சில் சீவிக்கொடுக்கும் பிள்ளைகளை நாற்பது வருடம் பார்த்தவன் நான். "அது கஷ்டம், வேண்டாம்" என்று பறிக்காதீர்கள். பயிற்சி ஆட்டத்தில் கொடுங்கள், இல்லையென்றால் வீட்டு ஆட்களோடு ஆடும் ஆட்டத்தில் கொடுங்கள். சித்தப்பா செத்துப்போனால் சித்தப்பா சிரிப்பார்.

முடிந்தால் சிவப்புப் பெட்டி சொன்னபடி செய்து பாருங்கள். கம்பெனி பஸ் வருவதற்கு முன்னால் இருபது நிமிஷம் கிடைத்தால், அம்மா வைத்தியர் வேஷம் எடுத்துக்கொள்ளட்டும், பையனுக்கு வாளைக் கொடுங்கள். அவன் முன்னால் ஓடுவான், அடி வாங்குவான், பின்னாலிருந்து நீங்கள் காயம் ஆற்றிக்கொண்டே வரலாம். உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு பொத்தான். எனக்கே வந்துவிட்டது, பேத்தி சாட்சி.

போன் சார்ஜில் இருக்கும் நேரத்துக்கு வேறு ஒன்று சொல்கிறேன். வாசல் சிமென்டுத் தரையில் சாக்பீஸால் முக்கோணம் போட்டு ஆடு புலி கட்டம் வரையுங்கள். மூன்று கூழாங்கல், பதினைந்து புளியங்கொட்டை போதும். கட்டம் மறந்தவர்கள் கேட்டால் வரைந்து போட்டோ அனுப்புகிறேன். முதல் பத்து ஆட்டத்துக்குப் புலியைப் பிள்ளையிடம் கொடுங்கள். பதினைந்து ஆடும் உங்களுக்கு.